பதினோரு கிலோ கொடுவா

எறங்காதீங்க சார். தூக்குன கால அப்படியே உள்ள வையிங்க. பாக்கறதுக்குக் கெட்டித் தரையாட்டம் தெரியும், அது சேறு. இடுப்பு வரைக்கும் வாங்கும். போன மாசம் ஒரு எரும எறங்கிட்டு நாலு பேரு கயிறு போட்டு இழுத்தாங்க. இங்க உங்கள இழுக்க நான் ஒருத்திதான் இருக்கேன். இழுக்கறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல.

ஆமா, நான்தான். கொளஞ்சியப்பன் பொண்டாட்டி எழிலரசி. முட்லூரு பஞ்சர் கட. தொப்பி போட்டிருக்கன்ல, அதான் சட்டுனு அடையாளம் தெரியல உங்களுக்கு. எனக்கு உங்கள நல்லாத் தெரியுது. அம்மாம் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தும் தெரியுது.

அண்ணின்னு கூப்புடாதீங்க. அந்தப் பேச்செல்லாம் அவரு இருந்தப்ப. இப்ப நீங்க செந்தமிழ்செல்வன் சாரு, மஞ்சக்குப்பத்துல டைல்ஸ் கட வச்சிருக்கறவரு, செல்லுல மீன் புடிக்கற வீடியோ போடறவரு. நான் பஞ்சர் ஒட்டறவ. அத்தோட நிறுத்திக்குவோம்.

என்னா மணி? பன்னெண்டே காலா? அப்பன்னா தண்ணி இன்னும் வத்தும். மூணு மணி வரைக்கும் வத்தும். அதுக்கப்பறம் தான் மெள்ள ஏற ஆரம்பிக்கும். உங்க போட்டு மெதக்கறதுக்கு ஆறு, ஆறரை ஆயிடும். என்னா எடை இருக்கும் இது? எஞ்சின் மட்டுமே எங்க ஊட்டு பீரோ ஒசரம் இருக்குது. மாலை என்னா, எலுமிச்சம்பழம் என்னா, சந்தனம் குங்குமம் என்னா. கல்யாண வண்டி கெட்டுது போங்க.

அமாவாச நெறஞ்ச நாளுன்னு பாத்துத்தான எறக்குனீங்க? செல்லுல போட்டிருந்தீங்களே, வர அமாவாச அன்னிக்கு புதுப் போட்டு, கிள்ளையில கொடுவா வேட்டைன்னு. கட தொறக்க, வண்டி எடுக்க அமாவாச சரிதான் சார். இது தண்ணி. அமாவாசையும் பவுர்ணமியும் தண்ணி மத்த நாளு மாதிரி இருக்காது. காலயில இந்த சுரபுன்ன மரத்து எல வரைக்கும் ஏறும், மத்தியானம் பாத்தா அடி மண்ணு காட்டும். நீங்கல்லாம் அட்டமி நவமின்னா பயந்து ஓடறீங்க பாருங்க, அன்னிக்கு வந்திருந்தா ஏத்தமும் கம்மி, வத்தறதும் கம்மி. பொழுதன்னைக்கும் இந்த ஓடையில சுத்தியிருக்கலாம். நல்ல நாளு பாத்து வந்து மாட்டிக்கிட்டீங்க.

போன் போட்டுப் பாத்தீங்கல்ல. என்னா சொன்னாங்க? அதான். தண்ணி ஏறுனாதான் வர முடியும்னு சொல்லியிருப்பாங்க. உங்கள இழுக்க வர போட்டுக்கும் தண்ணி வேணுமில்ல? அவுங்க மேல கோவப்பட்டு என்னா ஆவப் போவுது.

பாத்தேன். அதுவும் பாத்தேன். நீங்க ஒம்பதர மணிக்கு உள்ள வரும்போதே நான் தோ அந்த மர நெழல்லதான் ஒதுங்கி இருந்தேன். பட்டபட்டன்னு எஞ்சின் சத்தம், ஓடையில இருந்த கொக்கு பூரா எழும்பிப் போயிட்டுது. கத்தியிருக்கலாம். சார், இங்க வராதீங்க, பத்து மணிக்கு மேல இந்த ஓட வாயில தண்ணி நிக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எங்க ஊட்டுக்காரரா இருந்தா சொல்லியிருப்பாரு. தண்ணில குதிச்சி வந்து சொல்லியிருப்பாரு. நான் சொல்லல. கம்முனு ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

தண்ணி வேணுமா? குடிக்கவா? ஐஸ் பொட்டி வச்சிருக்கீங்களே, அதுல ஒன்னும் இல்லையா? எல்லாம் பீரா. நல்லா இருக்குது. இந்தாங்க, பாட்டில வீசறேன், ரெண்டு கையாலயும் புடிங்க. ம். தாகத்துக்குத் தண்ணி குடுக்காதவன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. மெதுவா குடிங்க, இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு.

ஒரு விசயம் சொல்லிடறேன். எனக்கு உங்ககிட்ட ஒன்னு வேணும். அதக் குடுத்தீங்கன்னா, நான் குந்தியிருக்கற இந்த லாரி டியூப்ப சேத்து மேலயே தள்ளிக்கிட்டு வந்து உங்கள ஏத்திக்கிட்டுக் கரையில வுட்டுடுவேன். டியூப்பு சேத்துல வழுக்கிக்கிட்டு வரும், உங்க போட்டுதான் வராது. குடுக்கலன்னா ஆறரை மணி வரைக்கும் வெயில்ல காய வேண்டியதுதான். என்னான்னு இப்பவே சொன்னா, இங்கேருந்து தப்பிச்சாப் போதும்னு ஒடனே தலையாட்டிடுவீங்க. அது எனக்கு வேணாம். கொஞ்சம் காயுங்க, அப்பறம் சொல்றேன்.

நீங்க பேசிக்கிட்டிருங்க, நான் தூண்டியப் போட்டுக்கறேன். தண்ணி வத்தும்போதுதான் கொடுவா இந்த வாயிக்கு வரும். உள்ள இருக்கற மடவக் குஞ்சு, எறா எல்லாம் தண்ணியோட சேந்து வெளிய வந்துதான ஆவணும். இது வாசல்ல நின்னு வாயத் தொறந்துக்கிட்டு இருக்கும். சின்ன ஓட, முழங்கால் தண்ணி, அதுல போயி என்னா மீன் இருக்கப் போவுதுன்னு நெனப்பாங்க. அந்த முழங்கால் தண்ணிலதான் நிக்கும்.

இதுவா? இதுக்குப் பேரெல்லாம் இல்ல சார். ரெண்டு லாரி டியூப்பு, மேல ஒரு பலக, ஒரு மூங்கி கழி. டியூப்புல மொத்தம் பதினேழு பஞ்சர், ஒட்டுனது பாதி அவரு, பாதி நானு. இதுல குந்திக்கிட்டு கால ரெண்டையும் தண்ணிக்குள்ள வுட்டுக்கறேன் பாருங்க, தண்ணி எந்தப் பக்கம் போவுது, வேகமா போவுதா, நின்னுட்டுதா எல்லாம் காலே சொல்லிடும். மேல வெதுவெதுன்னும் அடியில குளுந்தும் இருந்தா கடத்தண்ணி உள்ள வருதுன்னு அர்த்தம். சத்தம் கெடையாது, பொக கெடையாது. ரெண்டு முழம் தள்ளி மீன் வந்து நின்னாலும் அதுக்குத் தெரியாது. நீங்க வச்சிருக்கறது என்னா அது, டிவி பொட்டி மாதிரி? மீன் எங்க இருக்குன்னு காட்டுமா? இப்ப என்னா காட்டுது?

சேறுதான காட்டும்.

சிரிச்சிட்டேன், தப்பா நெனச்சிக்காதீங்க. தப்பா நெனச்சிக்கிட்டாலும் எனக்கு ஒன்னும் இல்ல.

ஞாயித்துக்கெழமன்னா நாங்க ரெண்டு பேரும் வந்துடுவோம். கடைக்குப் பூட்டப் போட்டுட்டு ஸ்கூட்டர்ல டியூப்ப மடிச்சி வச்சிக்கிட்டு வந்து, கரையில ஒக்காந்து பம்ப்புல காத்தடிப்போம். அவரு நூறு அடி, நான் நூறு அடி. எறங்குனமுன்னா சாயந்தரம் வரைக்கும் பேச்சே கெடையாது. புருசன் பொண்டாட்டி பேசாம அஞ்சு மணி நேரம் ஒரு பலகையில குந்திக்கிட்டு இருக்கறது எம்மாஞ் சொகம்னு உங்களுக்குத் தெரியாது. மீன் கெடச்சா கொழம்பு, கெடைக்கலன்னா முட்ட வாங்கிக்கிட்டுப் போவோம். ஒரு நாளும் இது பத்தல, பெரிய போட்டு வேணும்னு எங்களுக்குத் தோணுனதே இல்ல.

அப்பதான் நீங்க வந்தீங்க. காருல டயரு போயி, முட்லூரு கைகாட்டிகிட்ட. அவரு பஞ்சர் ஒட்டறத வுட்டுட்டு உங்க கார்ல இருந்த தூண்டி ராடப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு. சார் கொடுவா புடிப்பீங்களான்னு கேட்டாரு. ரெண்டு வருசமா அலையறேன் அண்ணே, ஒன்னு கூட மாட்டலன்னு சொன்னீங்க. நான் கடைக்குள்ள சோறு போட்டுக்கிட்டிருந்தேன், கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த அண்ணேங்கற ஒத்த வார்த்தையில அவரு உழுந்துட்டாரு. வர ஞாயித்துக்கெழம வாங்க, நான் காட்டறேன்னாரு. எனக்குச் சுருக்குன்னுது. பலகையில எடம் ரெண்டு பேருக்குத்தான். அந்த ஞாயித்துக்கெழம நான் ஊட்டுல இருந்துக்கிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமயும் இருந்துக்கிட்டேன். நாலு ஞாயித்துக்கெழம.

அதத்தான் சொல்ல வரேன். ஆவணி மாசம், போன வருசம் இதே ஓட, அந்தப் பதினோரு கிலோ.

நீங்க புடிச்சதா? எங்க, என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. செல்லுல இல்ல, இங்க, இந்தச் சேத்துல வச்சி சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்து புடிச்சதா? சரி, முன்னேறியிருக்கீங்க. செல்லுல நான் புடிச்சதுன்னு இருக்கு, இப்ப ரெண்டு பேருன்னு ஆயிட்டுது. இன்னும் ரெண்டு மணி நேரம் வெயில்ல இருந்தா முழு உண்மையும் வந்துடும்.

அன்னிக்கு ராத்திரி அவரு ஊட்டுக்கு வந்து மூணு வாட்டி சொன்னாரு அந்தக் கதைய. சோறு சாப்புடும்போது ஒரு வாட்டி, பாயி போடும்போது ஒரு வாட்டி, எங்க பொண்ணு இசைவாணி நர்சிங் ஆஸ்டல்லேருந்து போன் பண்ணுனப்ப ஒரு வாட்டி. மீன் அடிச்ச ஒடனே டியூப்ப இழுத்துக்கிட்டு ஓட பூரா சுத்துச்சாம். நீங்க பலகையக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு, அண்ணே வுட்டுடுங்க, அண்ணே தூண்டி நரம்ப அறுத்துடுங்கன்னு கத்துனீங்களாம். எனக்கு நீச்சல் தெரியாது அண்ணேன்னு அழுதீங்களாம். அதச் சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. கேலியா இல்ல சார், பாசமா. பாவம் எழில், பயந்துட்டாருன்னாரு.

அப்பறம் மீன என்னா பண்ணாரு தெரியுமா. தெரியும், வாங்கிக்கிட்டுப் போனவரே நீங்கதான. மீன் ஒடம்பு பூராவும் உங்களுக்குக் குடுத்துட்டாரு. தலைய மட்டும் அரிஞ்சி பையில போட்டுக்கிட்டு வந்தாரு. புடிச்சவனுக்குத் தல, அது அவரு கடப்புடிக்கற வழக்கம். கூட இருந்தவங்க யாரா இருந்தாலும் ஒடம்பக் குடுத்துடுவாரு, தலைய மட்டும் குடுக்க மாட்டாரு. உங்க ஊட்டுல தலையில்லாத மீனத்தான வெட்டுனாங்க? புடிச்சவரு நீங்கன்னா தல எங்க போச்சின்னு உங்க ஊட்டம்மா ஒரு வார்த்த கேக்கலையா?

பேசாம இருங்க. பேசாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது.

ரெண்டு நாள் கழிச்சி இசைவாணி போன் பண்ணுனா. அம்மா, அப்பா புடிச்ச மீன ஒருத்தர் வச்சிக்கிட்டு நிக்கிறாரு, அவரு புடிச்சதுன்னு போட்டிருக்குது, பத்தாயிரம் பேரு லைக் போட்டிருக்காங்கன்னா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. இவருகிட்ட காட்டுனா, கண்ண இடுக்கிப் பாத்துட்டு, மீன் நல்லா வுழுந்திருக்கு படத்துலன்னாரு. வேற ஒன்னும் சொல்லல. நான்தான் குதிச்சேன். போட்டும் வுடு எழில், ஒரு போட்டோ தான, அவருக்கு அது சந்தோசம்னா இருந்துட்டுப் போவட்டும்னாரு. அதுக்கு நான் அவருகூட ரெண்டு நாளு பேசல. சார், கேட்டுக்கிட்டீங்களா, மூணே வாரத்துல சாவப் போற மனுசன்கூட உங்களால நான் ரெண்டு நாளு பேசாம இருந்தேன்.

லாரி டயரக் கழட்டிக்கிட்டிருந்தாரு. புரட்டாசி மொத வாரம். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு டயரு மேலயே ஒக்காந்தாரு. ஆட்டோ சிதம்பரம் போயிச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிட்டுது. அம்பத்தி ரெண்டு வயசு.

நீங்க வரல. வரணும்னு சட்டமில்ல. ஆனா செய்தி அனுப்புனாங்கல்ல உங்களுக்கு, அதுக்குக் கைகூப்புற பொம்ம ஒன்னு அனுப்பியிருந்தீங்க. மஞ்சக் கலர்ல ரெண்டு கையி. கூட ஒரு எழுத்து கெடையாது. அண்ணேன்னு கூப்ட்ட வாயிக்கு மஞ்சக் கையி.

அப்பறம் நான் உங்களுக்கு ஆறு வாட்டி போன் பண்ணேன். மொத ரெண்டு வாட்டி மணி அடிச்சிது, எடுக்கல. மூணாவது வாட்டி எடுத்துட்டு, எழிலரசின்னு சொன்ன ஒடனே கட் பண்ணீங்க. அதுக்கப்பறம் மணியே அடிக்கல. இசைவாணிதான் சொன்னா, பிளாக்கு பண்ணிட்டாரும்மான்னு. நீங்க வீடியோ போடற பக்கத்துல போயி, சார் தயவுசெஞ்சி பேசுங்கன்னு எழுதுனா. அஞ்சு நிமிசத்துல அதக் காணும். அழிச்சிட்டீங்க. பஞ்சர்காரி மீனுக்காவ சண்டைக்கு வரா, நாலு பேரு பாத்தா மானம் போயிடும்னு நெனச்சீங்க. அப்படித்தான?

பேரு போடறீங்களா. இப்ப போடறீங்களா. இது கொளஞ்சியப்பன் அண்ணன் புடிச்சதுன்னு போட்டுடறீங்க. என்னா தாராளம். பதினோரு மாசமா போடாதது, சேத்துல மாட்டுன ரெண்டு மணி நேரத்துல வருது.

என்னா?

என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு.

எம்மாம் வேணும்னா கேக்கற? வாய மூடு. அந்த பர்ஸ உள்ள வை மொதல்ல. உள்ள வையின்னேன். டயரு தள்ளிக்கிட்டு வரவன்கிட்டதான் நான் காசு வாங்குவேன். எம் புருசன் மீனுக்கு நீ வெல வைக்கறியா? இந்தக் கழி பத்தடி நீளம், தெரியுமில்ல. இங்கேருந்தே எட்டும்.

இருங்க. பேசாதீங்க. அசையாதீங்க.

வந்துட்டுது. தூண்டி முள்ளுல கோத்த மடவக் குஞ்சு பதறுது பாருங்க, நரம்பு துடிக்குது. கிட்ட நிக்கிது. இப்ப இழுக்கக் கூடாது. இழுத்தா துப்பிட்டுப் போயிடும். முழுங்கட்டும். முழுங்கு. முழுங்கு ராசா.

அடிச்சிட்டுது.

போவட்டும், போவட்டும், வுடறேன். தோ இழுக்குது பாருங்க, டியூப்பையே திருப்புது. கழியக் கூடத் தொட மாட்டேன், அதுவா இழுத்துக்கிட்டுப் போவட்டும். மரத்து வேருக்குள்ள மட்டும் போவ வுடக் கூடாது, போனா நரம்பு அறுந்துடும். கால அந்தப் பக்கம் போட்டு ஓட்டிக்கிட்டா போதும். தோ குதிச்சிது. பாத்தீங்களா? பாத்தீங்களா சார்? தலைய ஒதறுது பாருங்க, முள்ளத் துப்பப் பாக்குது. துப்பு பாப்பம். இந்த டியூப்பு இருக்கே, அது கூடவே போவும், அதனால நரம்புல வெட்டு வுழாது. உங்க போட்டு மலையாட்டம் நிக்கும், பெரிய மீனு ஒரு ஒதறு ஒதறுனா அறுத்துக்கிட்டுப் போயிடும். இதுல அறுக்க முடியாது. சுத்தி சுத்தி அதுதான் ஓஞ்சி போவும்.

ஓஞ்சிட்டுது. வா. வா கண்ணு.

மூணு கிலோ இருக்கும். மூணேகால். உங்களத் திட்டிக்கிட்டே புடிச்சதுக்கு இது ஜாஸ்தி.

வெறுங்கையால தூக்குவாங்களா? வீடியோ போடறீங்க, அது கூடத் தெரியல. கொடுவாவுக்கு செவுளு மூடி பிளேடு சார். வெரல வுட்டா எலும்பு வரைக்கும் போயிடும். தோ பாருங்க, இந்த ரெண்டு வெரல்லயும் என்னா மாட்டியிருக்கேன்? சைக்கிள் டியூப்பு. ரெண்டு ரெண்டு அங்குலம் வெட்டி வெரல்ல மாட்டிக்கிட்டா அறுக்கவும் அறுக்காது, வழுக்கவும் வழுக்காது. பஞ்சர் கடைக்காரன் புத்தி. அவரு கண்டுபுடிச்சது. கடல்ல போறவங்க கூட அவருகிட்ட வந்து வெட்டி வாங்கிக்கிட்டுப் போவாங்க.

உங்க படத்துல இருக்குது சார் அது. நல்லாப் பெருசு பண்ணிப் பாத்திருக்கேன். இசைவாணி பண்ணிக் காட்டுனா. நீங்க மீன நெஞ்சோட அணச்சிக்கிட்டு நிக்கறீங்க. வால் பக்கம் உங்க கையி. தலப் பக்கம் இன்னொரு கையி செவுளுக்குள்ள போயிருக்குது, ரெண்டு வெரல்ல கறுப்பு ரப்பரு. மணிக்கட்டு வரைக்கும் இருக்குது. அத்தோட படம் முடிஞ்சிட்டுது. கத்தரிக்கோல் வச்சி வெட்டுன மாதிரி நேரா முடிஞ்சிட்டுது. இருவதாயிரம் பேரு பாத்திருக்காங்க, மூணாவது கையி யாருதுன்னு ஒருத்தனும் கேக்கல.

நானும் மொதல்ல அத சண்ட போடறதுக்குத்தான் பாத்தேன். தோ அத்தாட்சி மாட்டிக்கிட்டுதுன்னு. அப்பறம் காரியத்தன்னிக்கு அய்யனாரு வந்தாரு, இந்த ஓடையில நண்டு புடிப்பாரே, அவரு. மீன் புடிச்ச அன்னிக்கு உங்க செல்ல வாங்கி படம் எடுத்தது அவருதானாம். எடுக்கும்போது கொளஞ்சி என்னா சிரிப்பு சிரிச்சாரும்மா, வாயே மூடல, மூணு படம் எடுத்தேன், மூணுலயும் சிரிப்புன்னாரு. சொல்லிட்டு அழுதாரு.

அய்யனாரு அத சொன்ன அன்னிக்குத்தான் உங்களுக்கு மொத போன் பண்ணேன்.

இல்ல சார். மீனுக்கு இல்ல. ஆறு வாட்டியும் மீனுக்கு இல்ல.

அவருக்கு சின்ன வயசுல ஜாக்கிக் கம்பி தெறிச்சி முன்பல்லு ரெண்டு பாதி ஒடஞ்சி போச்சி. அதுலேருந்து படம் எடுக்கறாங்கன்னா வாய இறுக்கி மூடிக்குவாரு. கல்யாணப் படத்துல, இசைவாணி காது குத்துல, எல்லாத்துலயும் யாரோ அடிச்சி ஒக்கார வச்ச மாதிரி இருப்பாரு. செல்லுல இருந்த நாலஞ்சும் செல்லு தண்ணில உழுந்தப்ப போயிட்டுது. செத்தன்னிக்கு மாட்டறதுக்குப் படம் இல்ல. ஆதார் கார்ட எடுத்துக்கிட்டு ஓடுனாங்க ஸ்டூடியோவுக்கு. அவன் அதப் பெருசு பண்ணி, கோட்டு டை எல்லாம் போட்டு, பின்னால நீலக் கலர்ல மேகம் வச்சிக் குடுத்துட்டான். பஞ்சர் கடைக்காரருக்குக் கோட்டு. அதத்தான் மாட்டியிருக்கேன். தெனம் வௌக்கேத்தி கும்புடறேன், யாரோ பேங்கு மேனேஜரக் கும்புடற மாதிரி இருக்குது. இசைவாணி லீவுக்கு வந்தா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டறா. அடுத்த மாசம் வருச திதி.

வெட்டாத படம் வேணும் சார் எனக்கு. அதுக்குத்தான் வந்தேன். காலயில ஏழு மணிக்கே வந்துட்டேன். நீங்க இந்த ஓடைக்குத்தான் வருவீங்க, வேற எடம் உங்களுக்குத் தெரியாது, அமாவாச, மாட்டுவீங்கன்னு தெரியும். எங்கயும் எழுந்து போவ முடியாத எடத்துல உங்களப் புடிச்சாத்தான் பேச முடியும்னுதான் வந்தேன்.

சார்ஜு இல்லன்னு சொல்லாதீங்க. பவர் பேங்கு கொண்டாந்திருக்கேன், கவர்ல சுத்தி. வீசறேன், புடிங்க. நழுவ வுட்டா சேத்துக்குள்ள போயிடும். ம். சொருவிட்டீங்களா? தேடுங்க. ஆவணி மாசம், போன வருசம். மேல தள்ளிக்கிட்டே போங்க. அவசரமில்ல.

அழிச்சிட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். நான் உங்கள ஒன்னும் பண்ண மாட்டேன், ஆனா அத மட்டும் சொல்லிடாதீங்க.

இருக்கா?

நீட்டாதீங்க, இங்கேருந்து ஒன்னும் தெரியல, வெயில்ல கண்ணாடி மட்டுந்தான் பளபளன்னுது. அங்கேருந்தே பாத்து சொல்லுங்க. முழுசா இருக்காரா? சட்ட என்னா கலரு? ஆமா, அதான். மூஞ்சி நேரா இருக்கா, மீனப் பாத்துக்கிட்டு இருக்காரா?

சிரிக்கிறாரா?

பல்லு தெரியுதா சார்? அந்த ஒடஞ்ச பல்லு?

தெரியுதா. சரி. அனுப்புங்க. மீன நீங்களே வச்சிக்குங்க. நீங்க புடிச்சதாவே இருந்துட்டுப் போவட்டும்.